குளவி கொட்டினால் நெஞ்சு ஏன் நோகும்?

காட்டுக்குள் தேன் எடுக்கப் போனவரையோ வேலி அடைக்கக் கொப்பு வெட்டியவரையோ குளவி கலைத்துக் கொட்டிவிட்டால், கூட நிற்பவர்கள் மூன்று விடயங்களைப் பார்ப்பார்கள். உடம்பு தடிக்கிறதா, முகம் வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா. நெஞ்சு நோகிறதா என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அவராகவே சொன்னாலும், "பயத்தில வாற நோ, ஒண்டுமில்லை" என்று தட்டிவிடுகிறோம். சில வேளை அது பயம்தான். சில வேளை அது முடியுருநாடி இறுகுவதால், அதாவது இதயத் தசைக்கே குருதி கொண்டுபோகும் குழாய் சுருங்குவதால் வருகிற நோ. அதை இறுக்குவது குளவியின் விடம் மட்டுமல்ல. எங்கள் உடம்பு தானே அவிழ்த்துவிடும் ஹிஸ்டமினுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ஹிஸ்டமின் என்றால் சொறி, தும்மல், அவற்றுக்கு எடுக்கும் பிரிட்டன் குளிசை என்ற அளவில்தான் பொதுவாக அறிவோம். இதயத்தில் அது செய்யும் வேலை இதைவிடச் சிக்கலானது. ஒரே பொருள் ஒருவருடைய முடியுருநாடியை விரிக்கிறது, இன்னொருவருடையதைச் சுருக்குகிறது. எது நடக்கும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அந்தக் குழாயின் உட்புறத் தோலான அகவணி நலமாக இருக்கிறதா என்பதே. இது விளங்கினால்தான் நெஞ்சுநோவோடு வரும் ஒவ்வாமைக்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது என்பதும் விளங்கும்.

இதயத்துக்குள் இருக்கும் ஹிஸ்டமின்

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு கழன்றால் மிஞ்சுவது ஹிஸ்டமின். 1910இல் ஹென்றி டேலும் லெயிட்லோவும் அதை விலங்குகளுக்கு ஏற்றி, சுவாசக் குழாய்கள் இறுகுவதையும் குருதியமுக்கம் விழுவதையும் விரிவாக எழுதிவைத்தார்கள். உடம்பில் இதன் பெரும்பகுதி, ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் கலங்களுக்குள் சிறுமணிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. தோலிலும் சுவாசக் குழாயிலும் குடலிலும் மாஸ்ட் கலங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியும். இதயத்திலும் அவை உண்டு. முடியுருநாடிகளைச் சுற்றியும், இதயத் தசைநார்களுக்கு நடுவிலும், கொழுப்புப் படிந்த குழாய்ச் சுவருக்குள்ளும் இருக்கின்றன. மாரடைப்பில் இறந்தவர்களின் குழாய்களை 1990களில் பின்லாந்தில் கோவனன் குழுவினர் ஆராய்ந்தபோது, கொழுப்புப் படிவு வெடித்த இடத்திலேயே மணிகளை உதிர்த்த மாஸ்ட் கலங்கள் கூடியிருக்கக் கண்டார்கள். ஆகவே ஒவ்வாமை வரும்போது, தோலில் வெளியான ஹிஸ்டமின் குருதியில் மிதந்து இதயத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதயம் தன் சொந்தக் களஞ்சியத்தையும் வைத்திருக்கிறது.

சாதாரண நிலையில் ஒரு மில்லிலீற்றர் குருதியில் 1 நனோகிராமுக்கும் குறைவாகவே ஹிஸ்டமின் இருக்கும். கடும் ஒவ்வாமையில் அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குருதியில் அதை அளந்து ஒன்றும் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான். மாஸ்ட் கலத்திலிருந்து கூடவே வெளிவரும் டிரிப்டேஸ் சில மணி நேரம் தங்கும். ஒவ்வாமையை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் அறிகுறி தொடங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்தில், பிந்தினாலும் நாலு மணி நேரத்துக்குள், அதற்குக் குருதி எடுக்க வேண்டும்.

திறப்பதும் இறுக்குவதும்

ஓய்வாக இருக்கும்போது ஒரு வளர்ந்தவரின் முடியுருநாடிகளில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் குருதி ஓடுகிறது. இதயம் வெளியே தள்ளும் மொத்தக் குருதியில் அது சுமார் 5 வீதம். வந்து சேரும் ஒட்சிசனில் 70 வீதத்துக்கு மேல் இதயத் தசை ஓய்விலேயே உறிஞ்சிவிடுகிறது. காலில் உள்ள தசைக்கு வேலை கூடினால் அதே குருதியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஒட்சிசனை எடுத்துச் சமாளிக்கலாம். இதயத்துக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. கூடுதல் ஒட்சிசன் வேண்டுமென்றால் கூடுதல் குருதி வந்தாக வேண்டும். ஓட்டத்தைத் தொடுகிற எந்தப் பொருளையும் இங்கே அலட்சியப்படுத்த முடியாததற்குக் காரணம் இது.

ஹிஸ்டமின் வேலை செய்வது வாங்கிகள் வழியாக, அதாவது கலங்களின் மேல் அது வந்து பொருந்தும் இடங்கள் வழியாக. 1966இல் ஆஷும் ஷில்டும் முதல் வகைக்கு எச்1 என்று பெயரிட்டார்கள். 1972இல் ஜேம்ஸ் பிளாக்கின் குழு எச்2 வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டியது. பின்னர் எச்3, எச்4 என்பனவும் வந்தன. முடியுருநாடியின் கதை முதல் இரண்டோடுதான் பெரும்பாலும் முடிகிறது.

எச்1 வாங்கி குழாயின் சுவரில் இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டிலும் எதிரெதிர் வேலை செய்கிறது. அகவணிக் கலத்தில் உள்ள எச்1 தூண்டப்பட்டால் அந்தக் கலம் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும். அது கீழேயுள்ள மழமழப்பான தசைக்குப் பரவித் தசையைத் தளர்த்தும், குழாய் விரியும். தசைக் கலத்திலேயே உள்ள எச்1 தூண்டப்பட்டால் கலத்துக்குள் கல்சியம் கூடும், தசை இறுகும், குழாய் சுருங்கும். எச்2 பெரும்பாலும் தசையில் இருந்து, கலத்துக்குள் செய்தி கடத்தும் வட்ட ஏஎம்பி என்ற பொருளைக் கூட்டித் தளர்த்தும் பக்கத்திலேயே நிற்கிறது.

அகவணி நலமாக இருந்தால் அதன் எச்1 விரிக்கிறது, தசையின் எச்2 விரிக்கிறது, தசையின் எச்1 மட்டும் தனித்து எதிர்க்கிறது. கூட்டிக் கழித்தால் ஓட்டம் கூடும். நீரிழிவு, புகைத்தல், கொலஸ்ரோல், நெடுநாள் உயர் குருதியமுக்கம் இவற்றால் அகவணி பழுதாகியிருந்தால் நைத்திரிக் ஒட்சைட்டு போதிய அளவு வராது. இப்போது தசையின் எச்1 மேலோங்கும், குழாய் இறுகும். 1980களில் மனித முடியுருநாடித் துண்டுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. அகவணி இருந்த துண்டு ஹிஸ்டமினுக்குத் தளர்ந்தது, அகவணியைத் தேய்த்து நீக்கிய துண்டு சுருங்கியது. 1984இல் கால்ஸ்னரும் ரிச்சர்ட்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். இதய நோயாளிகளின் முடியுருநாடிகள் மற்றவர்களுடையதைவிட ஹிஸ்டமினுக்குக் கடுமையாகச் சுருங்கின. அந்தச் சுவர்களுக்குள் ஹிஸ்டமின் சேமிப்பும் கூடுதலாக இருந்தது. பழுதான குழாயில் வெடிமருந்தும் கூட, திரியும் குட்டை.

விலங்குகளை வைத்து இதைப் படித்தால் ஏமாந்துவிடுவோம். நாய், கினிப்பன்றி, முயல் ஒவ்வொன்றிலும் எச்1, எச்2 பரவியிருக்கும் விதம் வேறு. பழைய நூல்களில் "ஹிஸ்டமின் முடியுருநாடியை விரிக்கும்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக்கூடாது.

குழாயோடு முடியாமல், இதயத் தசையிலும் ஹிஸ்டமின் கை வைக்கிறது. எச்2 வழியாகத் துடிப்பு வேகம் கூடும், சுருங்கும் விசை கூடும், ஒட்சிசன் தேவையும் கூடும். எச்1 வழியாகச் சோணையறையிலிருந்து இதயவறைக்குப் போகும் மின்செய்தி தாமதமாகும். துடிப்பு ஒழுங்கு குழம்ப இரண்டும் சேர்ந்து இடம் கொடுக்கின்றன.

குழாய் திறந்திருந்தும் நீர் வராத நிலை

குழாய் சுருங்காதவருக்கும் நெஞ்சு நோகலாம். ஹிஸ்டமின் உடம்பு முழுவதும் உள்ள சிறு குழாய்களை விரித்து, அவற்றின் சுவர்களைக் கசியவிடுகிறது. கடும் ஒவ்வாமையில் குழாய்களுக்குள் ஓடும் திரவத்தில் 35 வீதம் வரைக்கும் 10 நிமிடத்துக்குள் வெளியே கசிந்துவிடலாம். இதயத்துக்குத் திரும்பி வரும் குருதி குறைகிறது, குருதியமுக்கம் விழுகிறது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் அடியில் கிடந்தால் துருசை முழுக்கத் திறந்தாலும் கடைசி வயலுக்கு நீர் ஏறாது. முடியுருநாடி எவ்வளவு விரிந்திருந்தாலும் பெருநாடியில் அமுக்கம் இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. அதோடு இடது இதயவறையின் தசைக்குக் குருதி பெரும்பாலும் ஏறுவது இதயம் விரியும் இடைவேளையில். துடிப்பு நிமிடத்துக்கு 140, 150 என்று ஓடும்போது அந்த இடைவேளைதான் முதலில் குறுகும். ஆகவே ஒரு பக்கம் வழங்கல் குறைகிறது, மறுபக்கம் தேவை கூடுகிறது. ஏற்கனவே ஒரு குழாய் பாதி அடைபட்டவருக்கு இது மட்டுமே போதும்.

ஒவ்வாமையோடு வரும் நெஞ்சுநோவுக்கும் மாரடைப்புக்கும் 1991இல் தெளிவான உருவம் கொடுத்தவர் கிரேக்க இதய வைத்தியர் நிக்கோலஸ் கூனிஸ். இன்று அது கூனிஸ் நோய்த்தொகுதி என்றே அறியப்படுகிறது. மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதலாவதில் குழாய் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், இறுகுவது மட்டும் நடக்கும். இரண்டாவதில் ஏற்கனவே இருந்த கொழுப்புப் படிவு இறுக்கத்தால் வெடிக்கும் அல்லது அரிபடும், அதன்மேல் குருதி உறையும். மூன்றாவது, அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்த இடத்தில் குருதி உறைவது. ஹிஸ்டமின் தனியே வருவதில்லை. கூடவே வெளிவரும் லியூக்கோட்ரையீன்களும் திரொம்பொக்சேனும் குழாயை இறுக்குகின்றன, டிரிப்டேஸும் கைமேஸும் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன. குருதிச் சிறுதட்டுகளிலும் எச்1 உண்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டுவதையும் ஹிஸ்டமின் தூண்டிவிடும். இளம் வயதுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் கூட முதல் வகை வரலாம். அதனால் "இந்த வயதில என்ன ஹார்ட் அட்டாக்" என்று சொல்லி ஈசிஜி எடுக்காமல் விடக்கூடாது.

வன்னியில் எந்த வழிகளில் வருகிறது

குளவியும் தேனீயும் முதல் வழி. குளவி விடத்தில் ஹிஸ்டமின் நேரடியாகவே இருக்கிறது, அதோடு மாஸ்ட் கலங்களை உடைக்கும் மாஸ்டோபறன் என்ற சிறு புரதமும் இருக்கிறது. தேனீ விடத்தில் மெலிட்டின் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே முன்பு ஒருபோதும் ஒவ்வாமை இல்லாதவருக்கும், ஒரேயடியாகப் பல கொட்டுகள் விழுந்தால் ஹிஸ்டமின் வெள்ளமாக வரும். தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும், குளவி அநேகமாக விடாது. கொடுக்கை நகத்தால் சுரண்டுவதா நுள்ளி எடுப்பதா என்று யோசித்து நிற்பது நேர விரயம். எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி மீன். இதை நாங்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. சூரை, கும்பளா, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் நிறைய உண்டு. மீன் செத்த பிறகு செவுளிலும் குடலிலும் இருந்த பற்றீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. முல்லைத்தீவுக் கடலில் இரவு முழுக்க வலையில் கிடந்த மீன், படகில் ஏறும் முன்னரே சூடான நீரில் பல மணி நேரம் செத்துக் கிடந்திருக்கலாம். பிறகு ஐஸ் இல்லாமல் கரைக்கு வந்து, மோட்டார்சைக்கிள் பெட்டியில் வெயிலில் ஊர் ஊராகப் போனால் மிச்ச வேலையும் முடிந்துவிடும். ஹிஸ்டமின் ஒரு தடவை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் கருவாடாகப் போட்டாலும் போகாது. மணத்திலும் தெரியாமல் இருக்கலாம். சில வேளை நாக்கில் மிளகு கடித்ததுபோல் ஒரு காரம் தட்டும். அப்படித் தட்டினால் அந்தத் துண்டை விழுங்கக்கூடாது.

இதைத் தடுப்பது கடினமான வேலையில்லை. எங்கள் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கு வேண்டும். மேலே தூவுவது போதாது, அடியிலும் இடையிலும் அடுக்க வேண்டும். பெரிய சூரையென்றால் பிடித்தவுடன் செவுளையும் குடலையும் எடுத்துவிடுவது நல்லது. மீனின் நடுச்சதை 4 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே குறி. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கும் மீனை உலக உணவு நியமங்கள் ஏற்பதில்லை. ஆனால் ஒரே மீனிலும் அது ஒரே அளவாகப் பரவியிராது. ஒரே கறியைச் சாப்பிட்ட ஐந்து பேரில் இருவருக்கு மட்டும் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடப்பது இதனால்தான். சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும். அநேகருக்குச் சில மணி நேரத்தில் தானாகவே அடங்கும். பழுதான முடியுருநாடி உள்ளவருக்கு அது அங்கேயே நிற்காமல் போகலாம், இப்படி மீனால் குழாய் இறுகிய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். இது மீன் ஒவ்வாமை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் கெட்ட சூரையால் வருத்தம் வந்தவரை ஆயுள் முழுக்க மீன் தின்ன வேண்டாமென்று மறிப்பது தேவையற்றது.

காசநோய்க்குக் குளிசை எடுப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். குடலில் ஹிஸ்டமினை உடைக்கும் முக்கிய நொதியம் டயமின் ஒக்சிடேஸ். காசநோய் மருந்தான ஐசோனியாசிட் அதைத் தடுக்கிறது. சாதாரணமாகத் தாங்கக்கூடிய அளவு ஹிஸ்டமின் உள்ள மீனே அவர்களுக்குத் தலையிடி, முகச் சிவப்பு, படபடப்பு, குருதியமுக்க வீழ்ச்சி எல்லாவற்றையும் கொண்டுவரும். இதை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்ன ஆய்வுகளில் முக்கியமானவை இலங்கையில் நடந்தவை. 1977இல் உரகொடவும் கொட்டேகொடவும், அடுத்த ஆண்டுகளில் சேனநாயக்கவும் வைரவநாதனும் சூரை வகை மீன்களால் வந்த இந்த விளைவை எழுதினார்கள். ஆறு மாதச் சிகிச்சை முடியும்வரை சூரை, மாசி, கும்பளா, பழைய கருவாடு இவற்றை விலக்குவது நல்லது. மீன் தின்று வருத்தம் வந்ததென்று குளிசையை நிறுத்துவது மிகப் பெரிய பிழை. நிறுத்த வேண்டியது அந்த மீனை.

மூன்றாவது, பாம்புக்கடிக்கு ஏற்றும் எதிர்விட மருந்து. அது குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுகிற புரதம். புடையன் கடித்தவருக்கு 10 முதல் 20 குப்பி வரை ஏறும்போது உடம்பு அதை எதிர்ப்பது வியப்பில்லை. 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 1007 நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோவொரு அளவில் உடனடி எதிர்வினை வந்தது. எதிர்விடம் ஏற்றும் முன் 1:1000 அட்ரினலினில் 0.25 மில்லிலீற்றரைத் தோலுக்குக் கீழ் போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்வினைகள் 43 வீதம் குறைந்தன. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தான புறொமெதசினும் ஹைட்ரோகோட்டிசோனும் அப்படிக் குறைக்கவில்லை. எனக்கு இந்த முடிவு மிக முக்கியமாகப் படுகிறது. வெளியே வந்த ஹிஸ்டமினுக்கு வாங்கியை மூடுவது பிந்திய வேலை. மாஸ்ட் கலம் மணிகளை உதிர்ப்பதையே அட்ரினலின் மட்டுப்படுத்துகிறது. இதய நோய் உள்ளவருக்கு இந்த முன்கூட்டிய ஊசியைப் போடுவதா என்பதை வைத்தியர் நிறுத்துப் பார்ப்பார். எதிர்விடம் தேவைப்படும் கடிக்கு, எதிர்வினைக்குப் பயந்து எதிர்விடத்தையே மறுப்பது உயிரைப் பணயம் வைப்பது.

மிச்சம் மருந்துகள். டைக்குளோபினக் போன்ற நோ ஊசிகளும் குளிசைகளும், பெனிசிலின் வகைகளும் அடிக்கடி பேசப்படுபவை. பற்றீரியாக் கொல்லியான வன்கோமைசின், நோ மருந்தான மோர்பின், சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தும் அற்றகூரியம் ஆகியவை ஒவ்வாமையே இல்லாமல் மாஸ்ட் கலத்தை நேரே தட்டி ஹிஸ்டமினை வெளியேற்றக்கூடியவை. வன்கோமைசின் ஒரு கிராமை 100 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றச் சொல்வது இதற்காகவே.

வைத்தியசாலைக்குப் போகும்வரை

இங்கிலாந்தில் ஒவ்வாமையால் இறந்தவர்களை ஆராய்ந்ததில், இதயம் நிற்கும்வரையான இடைநேரம் ஊசி மருந்தால் வந்ததற்கு 5 நிமிடம், கொட்டுக்கு 15 நிமிடம், உணவுக்கு 30 நிமிடம் என்று கண்டார்கள். காட்டோரக் கிராமத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே அந்த நேரம் போய்விடும். அதனால் வழியில் செய்வதும் செய்யாமல் விடுவதும் சிகிச்சையில் பாதி.

ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு இழுத்தால் சாய்ந்து இருக்கலாம், கால் நீட்டியபடியே இருக்கட்டும். சத்தி எடுத்தால் பக்கமாகத் திருப்புங்கள். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க விடுங்கள். தலைச்சுற்று உள்ளவரை எழுப்பி நிற்க வைப்பதும், நடக்க விடுவதும், மோட்டார்சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்திக்கொண்டு ஓடுவதும் ஆபத்து. நிமிர்ந்தவுடன் இதயத்துக்குத் திரும்பும் கொஞ்சக் குருதியும் காலில் தேங்கும், வெறும் இதயம் துடித்தும் பயனிருக்காது. அப்படி நிமிர்த்திய கணத்தில் இறந்தவர்களின் பதிவுகள் உண்டு. 1990 அம்புலன்சை அழையுங்கள். அது வரப் பிந்துமென்றால் வானிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ படுக்க வைத்துக் கொண்டுபோவது மோட்டார்சைக்கிளைவிட நல்லது. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம், எது கிட்டவோ அங்கே முதலில் போக வேண்டும். பெரிய வைத்தியசாலை என்று வவுனியாவையும் யாழ்ப்பாணத்தையும் நினைத்துக் கிட்டவுள்ளதைத் தாண்டிப் போகக்கூடாது. முதல் ஊசி எங்கும் ஒன்றுதான்.

பிரிட்டன் குளிசை இருந்தால் கொடுக்கலாம், சொறியைத் தணிக்கும். ஆனால் அது வேலைசெய்யத் தொடங்கவே அரை மணி நேரம் போகும், விழுந்த அமுக்கத்தை அது தூக்காது. அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துப் பார்த்திருப்பதுதான் தப்பு.

நாக்குக்குக் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையைப் பையில் கொண்டு திரியும் இதய நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கொட்டு விழுந்து உடம்பு தடித்து, தலைச்சுற்றி, நெஞ்சு நோகும்போது கை தானாக அந்தக் குளிசைக்குப் போகும். அமுக்கம் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் அது மிச்சத்தையும் இறக்கிவிடும். அந்த நிலையில் அதை வைக்காமல் படுத்துவிடுங்கள்.

வைத்தியசாலையில், மருந்துகளின் ஒழுங்கு

குருதியமுக்கம் விழுந்திருந்தாலோ மூச்சு அல்லது தொண்டை இறுகினாலோ, நெஞ்சுநோ இருந்தாலும் அட்ரினலின்தான் முதல் மருந்து. வளர்ந்தவருக்கு 1:1000 கரைசலில் 0.5 மில்லிலீற்றர், அதாவது 0.5 மில்லிகிராம், தொடையின் நடு வெளிப்பக்கத் தசைக்குள். பிள்ளைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் திரும்பவும். தோலுக்குக் கீழ் போட்டால் உறிஞ்சப் பிந்தும். நாளத்துக்குள் ஒரேயடியாகத் தள்ளினால் அதுவே முடியுருநாடியை இறுக்கி மாரடைப்பைக் கொண்டுவரலாம். அட்ரினலினால் இதயம் பாதிக்கப்பட்ட சம்பவங்களில் பலவற்றின் பின்னால் இந்த வழிப் பிழையோ அளவுப் பிழையோ உண்டு. அதைக் கேள்விப்பட்டுத் தசை ஊசிக்கும் பயப்படுவது நியாயமில்லை. கூடவே ஒட்சிசன், சாதாரண சேலைன் 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை வேகமாக. இதயம் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு 250 மில்லிலீற்றருக்கும் நுரையீரலைக் கேட்டுப் பார்த்து ஏற்ற வேண்டும்.

ஈசிஜியை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். வலது முடியுருநாடி இறுகுவது அடிக்கடி காணப்படுவதால் ஈசிஜியின் 2, 3, ஏவிஎஃப் என்ற மூன்று பதிவுகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். முதலாவது சரியாக இருந்து நோ தொடர்ந்தால் கால் மணிக்கொரு தடவை திரும்ப எடுக்க வேண்டும், இறுக்கம் வந்து வந்து போகும். இதயத் தசை பழுதானால் குருதியில் கூடும் ட்ரொப்போனினும் அப்படியே, ஒரு தடவை சரியாக வந்தால் போதாது.

அமுக்கம் நன்றாக இருக்கிறது, மூச்சு சுகம், தோலில் தடிப்பும் நெஞ்சுநோவும் ஈசிஜி மாற்றமும் மட்டுமே என்றால் வழி வேறு. அங்கே நைத்திரேற்றும் கல்சியம் தடுப்பு மருந்தும் இறுக்கத்தைத் தளர்த்தும். எச்1 தடுப்பு மருந்தை, குளோர்பெனிரமின் 10 மில்லிகிராம் போல, நாளத்துக்குள் மெதுவாகக் கொடுக்க வேண்டும், வேகமாகத் தள்ளினால் அமுக்கம் விழும். எச்2 தடுப்பு மருந்தைத் தனியாகவோ முதலாவதாகவோ கொடுக்கக்கூடாது. மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். எச்2வை மூடினால் விரிக்கும் கை கட்டப்படும், தசையின் எச்1 தனியே இறுக்கிக்கொண்டிருக்கும். நோவுக்கு மோர்பின் வேண்டாம், அது இன்னும் ஹிஸ்டமினை வெளியேற்றும். பென்ரனைல் இருந்தால் அது நல்லது. வழக்கமான மாரடைப்புப் பழக்கத்தில் பீற்றா தடுப்பு மருந்து தொடங்குவதும் இங்கே கூடாது. விரிக்கும் பீற்றா வழி மூடினால் இறுக்கும் அல்பா வழி மட்டும் மிஞ்சும். நோ ஊசியால் வந்த ஒவ்வாமையென்றால் அஸ்பிரினையும் யோசிக்காமல் கொடுக்கக்கூடாது.

ஏற்கனவே அற்றெனலோல், பைசோபுரொலோல், கார்விடிலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்துகளை எடுப்பவர்களுக்கு அட்ரினலின் எடுபடாமல் போகலாம். இரண்டு மூன்று ஊசிக்கும் அமுக்கம் ஏறாவிட்டால் குளுக்ககோன் 1 முதல் 5 மில்லிகிராம் வரை ஐந்து நிமிடமாக நாளத்துக்குள் கொடுப்பார்கள். சத்தி வரும், பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். ஆகவே கிளினிக் கொப்பியைக் கூடவே கொண்டுபோக வேண்டும்.

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி உயர்ந்திருக்கிறது என்றவுடன், கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேசைத் தொடங்கும் அவசரம் விளங்கிக்கொள்ளக்கூடியது. ஒவ்வாமையால் வந்த வெறும் இறுக்கத்தில் கரைக்கக் கட்டியே இல்லை. ஸ்ரெப்ரோகைனேஸ் பற்றீரியாவிலிருந்து வரும் அந்நியப் புரதம், அதுவும் ஒவ்வாமையைத் தரும், அமுக்கத்தை இறக்கும். என் கருத்தில் ஒவ்வாமையை முதலில் வேகமாக அடக்கி, ஈசிஜியைத் திரும்ப எடுத்து, எஸ்டி இறங்காவிட்டால்தான் கட்டி இருப்பதாக எடுத்து, பெரிய வைத்தியசாலையின் இதய வைத்தியரோடு பேசி அடுத்த அடியை வைக்க வேண்டும். புடையன் கடித்துக் குருதி உறையாமல் இருப்பவருக்கு அந்த ஊசி கூடவே கூடாது.

தேறியவரை உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பவும் கிளம்பலாம். நெஞ்சுநோவோ ஈசிஜி மாற்றமோ இருந்தவரைக் குறைந்தது ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எது கொட்டியது, எந்த மருந்து, எந்த மீன், எத்தனை நிமிடத்தில் தொடங்கியது என்பதையெல்லாம் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குழாய் சுத்தமானதா, உள்ளே படிவு இருக்கிறதா என்பதைப் பிறகு முடியுருநாடிப் படப்பரிசோதனையில் பார்த்தால்தான் அஸ்பிரினும் கொலஸ்ரோல் குளிசையும் நெடுநாளைக்குத் தேவையா என்று முடிவெடுக்கலாம். ஸ்டென்ட் வைத்தவருக்குச் சொறி வந்தால், குருதி உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரலைத் தானாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் குருதி உறையும். அதே நாளில் கிளினிக்குக்குப் போய், வேறு மருந்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.